மிதந்த சொட்டு

ஏப்ரல் 5, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் ரத்ததான முகாம். போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு இது நாற்பத்தாறாவது தடவை. பால்துரைக்கு நாற்பத்தெட்டு.

எங்கள் குருதிக் கொடையாளர் சங்கத்தில் முதலில் ஐம்பதைத் தொடுகிறவருக்கு விழா எடுப்பதென்று செயலாளர் இன்று மைக்கில் அறிவித்தார். பொன்னாடை, கேடயம், பேப்பரில் போட்டோ. சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, பால்துரையைப் பார்த்தார். கூட்டமே அவனைப் பார்த்தது. அவன் கூச்சப்படுகிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். என்ன நடிப்பு! டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்கு ஏது கூச்சம்? நாள் முழுக்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்கிற ஆள்.

சங்கம் ஆரம்பித்த அன்று முதல் ஆளாக ஊசி குத்திக்கொண்டவன் நான். தென்காசியில் பாத்திரக்கடை குற்றாலிங்கம் என்று சொன்னால் பாத்திரத்துக்கு முன்னால் ரத்தம்தான் ஞாபகத்துக்கு வரும். டெங்குவில் படுத்த வருஷம் என்னால் கொடுக்க முடியாமல் போயிற்று. அந்தச் சந்தில் புகுந்துதான் அவன் முன்னால் போனான். கொசு கடித்தது என்னை, லாபம் அவனுக்கு.

கேடயத்துக்கு ஆசைப்பட்டு இதை எழுதவில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஏப்ரல் 6

ஆவுடையிடம் மனம் விட்டுப் பேசினேன். "ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கீங்களா, இல்ல ஏலம் கேக்கீங்களா?" என்றாள். கட்டின பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது?

மே 17, ஞாயிறு

சுரண்டைக்குப் போய் வந்தேன். பாத்திர விஷயமாக.

"பாத்திரம் பாக்கப் போன இடத்துல பிளாஸ்திரி ஒட்டி அனுப்புதாங்களா?" என்று ஆவுடை கேட்டாள். தகரம் கீறிவிட்டது என்றேன். முழங்கை மடிப்பில் எப்படிக் கீறும் என்றாள். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

ஆண்கள் ஒரு தடவை கொடுத்தால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஏதோ ஞாபகம் வந்தது, எழுதிவைக்கிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

செங்கோட்டை. இதுவும் பாத்திர விஷயம்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பால்துரையின் எல் போர்டு கார் நின்றது. உள்ளே அவன் இருந்தானா, அவனிடம் வேலை பார்க்கிற பையன் இருந்தானா என்று நான் பார்க்கவில்லை. இருந்தால்தான் என்ன, வியாபாரி நாலு ஊருக்குப் போகத்தான் செய்வான்.

ஆக, நாற்பத்தெட்டு. சமம்! ஐம்பது சேர்ந்ததும் மொத்தமாகக் காட்டிக்கொள்ளலாம்; சங்கத்தில் சான்றிதழை எண்ணுவார்களே தவிரத் தேதியைப் பார்க்க மாட்டார்கள். வரும் வழியில் பத்தமடைக்காரர் கடையில் அல்வா வாங்கினேன். என்ன விசேஷம் என்று ஆவுடை கேட்டதற்கு, சும்மா என்றேன்.

ஜூன் 30

சாரல் பிடித்துவிட்டது. கடை மச்சில் ஏறி இரண்டு அண்டாவை இறக்குவதற்குள் மூச்சு இரைத்தது. எதிர்க்கடைக்காரர் வயசாகுது என்கிறார். ஐம்பத்தேழெல்லாம் ஒரு வயசா?

ஜூலை 5, ஞாயிறு

இந்த நாளை எழுதாமலே விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

முகாமில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை நீலத் தண்ணீரில் விடுவார்கள். மயில்துத்தம் கரைத்த தண்ணீர். ரத்தத்தில் சத்து இருந்தால் சொட்டு விறுவிறுவென்று அடியில் போய் உட்காரும். இத்தனை வருஷத்தில் என் சொட்டு ஒருநாளும் தயங்கியதில்லை. இன்று பாதி தூரம் போனது, ஏதோ மறந்துவிட்ட மாதிரி நின்றது, மேலே வந்து மிதந்தது.

"இறங்கலையே அண்ணாச்சி" என்றது அந்த நர்ஸ் பெண்.

"தண்ணி பழசாயிருக்கும். இன்னொண்ணு விடும்மா."

இரண்டாவதும் மிதந்தது. ரத்தசோகை போலிருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அடுத்த ஆள் யார்? வேறு யார்! அவன் சொட்டு அதே தண்ணீரில்தான் விழுந்தது. கல் மாதிரி இறங்கியது. நாற்பத்தொன்பது.

"உடம்பப் பாத்துக்கிடும் அண்ணாச்சி" என்று என் தோளில் கை வைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைக் கழற்றி ஊறப்போட்டேன்.

ஜூலை 9

செய்தி ஆவுடைக்கு எட்டிவிட்டது. காலையில் முருங்கைக்கீரை, மத்தியானம் பீட்ரூட், சாயங்காலம் பேரீச்சம்பழம். கறிக்கடையில் சொல்லிவைத்து சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி மிளகு போட்டு வதக்கித் தந்தாள். எல்லாவற்றையும் தின்றேன். நானாகவே மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி, தினமும் டீயோடு முழுங்குகிறேன். டாக்டர் எதற்கு? ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா?

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆவுடை கேட்டாள்: "நெசமாச் சொல்லுங்க. சுரண்டையில எதுவும் குடுத்தீங்களா?"

இல்லை என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னாள். கடை மேல் பண்ணினேன். நம்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 3

பால்துரை புதுக் கார் வாங்கியிருக்கிறான். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வேண்டுமென்றே என் கடை வழியாக ஓட்டிப் போனான். கன்னம் வேறு சிவந்து கிடக்கிறது. எனக்குக் கண்ணாடியில் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் தெரிகிறது.

பழச்சாறு கடையில் ஐஸ் கட்டி வாங்கி மென்றுகொண்டே இருக்கிறேன். நிறுத்த முடியவில்லை. வெளியே சாரல், ஊரெல்லாம் சுக்குக்காப்பி குடிக்கிறது. நான் மட்டும் ஐஸ் தின்கிறேன்.

ஆகஸ்ட் 24, திங்கள்

கடையில் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது. விழித்துப் பார்த்தால் தவலை அடுக்கெல்லாம் என் மேலே கிடக்கிறது. எதிர்க்கடைக்காரரும் ஆவுடையும் ஆட்டோவில் தூக்கிப்போட்டு டாக்டர் ஜெசிந்தாவிடம் கொண்டுபோனார்கள்.

டாக்டருக்கு நாற்பது வயசிருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்கவேண்டுமாம், எனக்கு வெளுத்துக் கிடந்ததாம். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தைத் தடவிப் பார்த்து, நடுவில் குழிந்திருக்கிறது என்றார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"வித்தியாசமா எதையாவது திங்கணும்போல இருக்கா ஐயா? மண்ணு, சாக்பீஸ், பச்சரிசி?"

"அதெல்லாம் கிடையாது."

"ஐஸ் திங்காரு டாக்டர்" என்று ஆவுடை போட்டுக்கொடுத்தாள். "சாரல்ல ஐஸ் திங்கிற ஆள்னு நான் இவரத்தான் பாக்கேன்."

டாக்டர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். அதுவும் இரும்புச்சத்து குறைந்ததற்கு ஒரு அடையாளமாம். பிறகு, மலம் கருப்பாகப் போகிறதா, எடை குறைந்ததா, மூட்டுவலி மாத்திரை போடுவேனா, வீட்டில் யாருக்காவது குடலில் வியாதி உண்டா என்று கேள்வி மேல் கேள்வி. மாத்திரையை டீயோடு முழுங்குகிறேன் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். டீ இரும்பை உடம்பில் சேரவிடாதாம். கருப்பாகப் போவது மாத்திரையாலா, உள்ளே ரத்தம் கசிவதாலா என்றும் இனிக் கண்ணால் சொல்ல முடியாதாம்.

"ரத்தம் எத்தனை மாசத்துக்கு ஒருக்கா குடுக்கீங்க?"

"மூணு மாசம். ஒரு நாள் முன்னப்பின்ன ஆகாது."

"கடைசியா எப்ப?"

"ஏப்ரல்."

இரண்டு குப்பியில் ரத்தம் எடுத்தார்கள். என் ரத்தம் கணக்கில் சேராமல் போனது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 26

ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறு. முகாமில் பன்னிரண்டரைக்குக் கீழே இருந்தால் எடுக்கமாட்டார்கள். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பிலும் பார்த்திருக்கிறார்கள். சிவப்பணுக்கள் சிறுத்து, வெளிறி இருக்கிறதாம். ஃபெரிட்டின் என்று இன்னொரு சோதனை. அது உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுமாம்.

"கடைக்காரர்ட்ட கடைப் பேச்சே பேசுதேன்" என்றார் டாக்டர். "சரக்கு வரத்து நின்னா முதல்ல குடோன்தான் காலியாகும், கடை பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒங்களுக்குக் குடோனும் காலி, கடையும் காலி."

"மாத்திரை எழுதிக் குடுங்க, ரொப்பிருதேன்."

"ரொப்பலாம். ஓட்டை எங்க இருக்குன்னு பாக்காம ரொப்புனா? பொம்பளைங்கன்னா மாசாமாசம் போற வழி தெரியும். அம்பத்தேழு வயசு ஆம்பளைக்கு எந்த வழியாப் போகுது? நீங்க இடைவெளி விடாம ரத்தம் குடுத்திருந்தா, அதுதான் காரணம்னு மாத்திரையக் குடுத்து மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பியிருப்பேன். ஒழுங்கா குடுக்கிறவருக்கு இவ்வளவு காலியாகுமா?"

என் முகத்தையே பார்த்தார். நான் சுவர்க் காலண்டரில் இருந்த குழந்தையைப் பார்த்தேன். மல சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 31

மலத்தில் ரத்தம் இல்லை என்று வந்துவிட்டது. விட்டது சனியன் என்று எழுந்தேன். உட்காருங்கள் என்றார் டாக்டர். ஒரு தடவை இல்லை என்று வந்தால் இல்லை என்று அர்த்தமில்லையாம், விட்டுவிட்டுக் கசியுமாம். கேமரா வைத்த குழாயை வயிற்றுக்குள் ஒரு பக்கமும், குடலுக்குள் இன்னொரு பக்கமும் விட்டுப் பார்க்கவேண்டும் என்கிறார். இன்னொரு பக்கம் எது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆவுடை வெளியே வந்து, "கட்டியா இருக்குமோன்னு பாக்காங்க, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் காசிவிஸ்வநாதர் கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்காக மொட்டை போடுவதாக நேர்ந்திருக்கிறாளாம். அந்த முடி மேல் எவ்வளவு ஆசை அவளுக்கு!

அவள் அழுது முகம் வீங்கிக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. என்ன எழவு சங்கம், என்ன ஐம்பது? நாளை மறுநாள் டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுவேன். சுரண்டை, செங்கோட்டை இரண்டையும். மாத்திரையோடு அனுப்பிவிடுவார். குழாயும் வேண்டாம், மொட்டையும் வேண்டாம்.

செப்டம்பர் 2, புதன்

சட்டையைப் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்குக் கிளம்பினேன். வாசலில் புதுக் கார் வந்து நின்றது. கையில் மாதுளம்பழப் பையோடு பால்துரை.

ஆவுடை காப்பி போட உள்ளே போனதும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டான்.

"தப்பா நெனைக்காதீரும் அண்ணாச்சி. டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீரா?"

"எல்லாத்தையும்னா?"

"ஜூன் மாசம் செங்கோட்டை கேம்ப்ல இருந்து கைய மடக்கிட்டு வெளிய வந்தீரு. நான் கார்லதான் இருந்தேன். குழாய் விடப்போறதா அக்கா சொன்னாங்க. அதச் சொல்லிட்டா அதெல்லாம் வேண்டியிருக்காதுல்லா?"

எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ஆகா! இதுதானா சங்கதி? நான் வாயைத் திறந்து ஒப்புக்கொள்ளவேண்டும், என் இரண்டு தடவையை அடிக்கவேண்டும், இவன் அலுங்காமல் போய்ப் பொன்னாடை போர்த்திக்கொள்ளவேண்டும். அக்கறையாம் அக்கறை! ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

"செங்கோட்டையில எனக்குப் பாத்திரக் கொள்முதல்வே" என்றேன். "ஒம்ம மாதிரி அடுத்தவன் கையப் பாத்துக்கிட்டு கார்ல உக்காந்திருக்கல."

"கோவப்படாதீரும், அக்காவுக்காகத்தான்..."

"ஒமக்கு அக்கா யாரும் இங்க இல்ல. ஒமக்கு அம்பது வேணும்னா போய்க் குடும். எனக்குக் குழாய் விடட்டும், கிணத்து மோட்டாரக்கூட விடட்டும்!"

காப்பியைக் குடிக்காமலே போனான். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. பழத்தை ஆவுடை உரித்துக் கொடுத்தாள், தொடவில்லை.

செப்டம்பர் 9

குழாய்ப் பரிசோதனை நாளைக்கு. குடலைச் சுத்தம் பண்ணுவதற்காக இரண்டு லிட்டர் உப்புத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் எழுத நேரமில்லை, மறுபடியும் போகவேண்டும்.

செப்டம்பர் 10, வியாழன்

மயக்க மருந்து கொடுத்தார்கள். வலி தெரியவில்லை.

இரைப்பை சுத்தமாக இருக்கிறது. பெருங்குடலில் வலப்பக்கம், நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. கிள்ளி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 17

புற்று.

செப்டம்பர் 19

இரண்டு நாளாகக் கடை திறக்கவில்லை. இன்று ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் ஜெசிந்தாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேறெங்கும் பரவவில்லையாம். அந்தத் துண்டுக் குடலை வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார்.

"வலி வந்து பாத்திருந்தா கை மீறியிருக்கும் ஐயா. நல்லவேளை, நீங்க ரத்தம் குடுக்கிறதுல அவ்வளவு ஒழுங்கு. அதனாலதான் எனக்கு சந்தேகமே வந்துச்சு. முறைகெட்டுக் குடுக்கிற ஆளா இருந்தா நான் தேடியே இருக்கமாட்டேன்."

ஆவுடை அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மறுபடியும் அந்தக் காலண்டர் குழந்தையைப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லக் கிளம்பினேன். சட்டையைக்கூடப் போட்டுவிட்டேன். அவன் மட்டும் வராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், மாத்திரையும் கையுமாகத் திரும்பியிருப்பேன், கட்டி உள்ளே வளர்ந்துகொண்டே இருந்திருக்கும். ஆக, என்னைக் காப்பாற்றியது என் வயிற்றெரிச்சல். அதுகூடப் பரவாயில்லை. பால்துரையும் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை!

புற்று வந்தவனிடம் ஆயுசுக்கும் ரத்தம் எடுக்கமாட்டார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. முகாமில் எத்தனையோ பேரை நானே இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரொம்ப நேரம் அழுதேன். உயிருக்காக அழுகிறேன் என்று ஆவுடை நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 7

நாளைக்கு ஆபரேஷன். இரண்டு வாரமாக ஊசி வழியாக இரும்பு ஏற்றியும் போதவில்லை, இன்று ரத்தம் ஏற்றினார்கள். யாரோ கொடுத்த ரத்தம், சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கொடுத்தே பழகிய கை. வாங்குவதற்கு வெட்கமாக இருந்தது.

ஏற்றியதற்கு ஈடாக யாராவது வந்து கொடுக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஆவுடை யாரிடம் சொன்னாளோ. மத்தியானம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. முழங்கை மடிப்பில் பஞ்சு.

"மூணு மாசம் போன திங்கக்கிழமையோட முடிஞ்சிட்டு அண்ணாச்சி. அதான் வந்தேன்."

ஐம்பது! என் பேரைச் சொல்லியே ஐம்பதைத் தொட்டுவிட்டான். நான் பி, அவன் ஏ. அதனால் அவன் ரத்தம் என் உடம்புக்குள் வரவில்லை, அந்த மட்டில் தப்பித்தேன்.

நன்றி சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "சாப்ட்டுட்டு வந்தீரா?" என்று வந்தது.

அக்டோபர் 12

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்று காற்றுப் பிரிந்தது, குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம். அதற்கு ஒரு வார்டே சந்தோஷப்படுகிறது.

நவம்பர் 8, ஞாயிறு

விழா. போகமாட்டேன் என்றேன். மொட்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆவுடை முன்னால் வந்து நின்றாள். அதற்குமேல் பேச முடியுமா? போனேன்.

ஐம்பதாவது தானம் எனக்காகக் கொடுக்கப்பட்டது என்பதால் பொன்னாடையை நான்தான் போர்த்தவேண்டும் என்று செயலாளர் ஏற்கெனவே முடிவு பண்ணிவைத்திருந்தார். என்ன தண்டனை பாருங்கள். "நாற்பத்தாறு முறை குருதி வழங்கிய குற்றாலிங்கம் அவர்கள்" என்று மைக்கில் கூப்பிட்டார். நாற்பத்தெட்டு என்று கத்தவேண்டும்போல் இருந்தது. முன் வரிசையில் ஆவுடை, அவளுக்குப் பக்கத்தில் டாக்டர். பேசாமல் படியேறினேன். மூச்சு இரைக்கவில்லை.

பொன்னாடையை விரித்துப் போர்த்தும்போது பால்துரை என் காதோரம் குனிந்தான்.

"அம்பதோட நிறுத்திக்கிடலாம்னு இருக்கேன் அண்ணாச்சி."

"ஏன்? ஒமக்கும் எதுவும் சீக்கா?"

"சீக்கெல்லாம் இல்ல. நீரு பின்னால வாரீருன்னுதான் இவ்வளவு நாளும் குடுத்தேன். நான் நின்னா நீரு முந்திருவீருன்னு எனக்கு உறக்கம் வராது. இனி யாருக்காகக் குடுக்க?"

கீழே எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பொன்னாடையின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் கட்டிப்பிடிக்கிற மாதிரி தெரிந்திருக்கும்.

"நிறுத்தினீரு, பாத்துக்கிடும். குடுக்கதும் போயிட்டு எனக்கு. நீரும் நிறுத்திட்டா நான் யாரப் பாத்துவே வயிறெரிய?"

அவன் சிரித்தான். பிறகு, அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பொன்னாடையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

ஜனவரியில் அடுத்த முகாம். அவனுக்கு ஐம்பத்தொன்று ஆகிவிடும், நினைத்தாலே பற்றி எரிகிறது. கார் ஓட்டுகிற அவசரத்தில் அந்த மடையன் காலையில் சாப்பிடுவதே இல்லையாம். அன்றைக்கு இட்லி கட்டித் தரும்படி ஆவுடையிடம் சொல்லியிருக்கிறேன்.